சிலேட்டும் செப்பேடும்
கம்ப்யூட்டர் கணக்கைக் காப்பது எப்படி?

1. ஒன்றே ஒன்று

உங்கள் வீட்டில் ரேஷன் கார்டு இருக்கும். நிலத்துக்குப் பட்டாதார் பாஸ்புக் இருக்கும். பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ் இருக்கும். இவற்றுக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து வைக்கிறோம். ஏன்? அசல் தொலைந்தாலும் நகல் கைகொடுக்கும். அந்த விவரங்களை வைத்து மறுபடி அசலை வாங்கலாம்.

காகிதத்துக்கு நகல் எடுக்க எல்லோரும் பழகிவிட்டோம். கம்ப்யூட்டரில் உள்ள கணக்குக்கு நகல் எடுக்கிறோமா? பல இடங்களில் இல்லை. "கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது, இனிப் பயம் இல்லை" என்று நினைக்கிறார்கள். இது தவறு. கம்ப்யூட்டரில் மட்டும் உள்ள கணக்கு, ஜெராக்ஸ் எடுக்காத பட்டாவைப் போன்றதுதான்.

2. திருமலையில் ஒரு பாடம்

நகல் எடுப்பது புதிய பழக்கம் அல்ல. விஜயபுரத்தார் அடிக்கடி போகும் திருமலையிலேயே இதற்கு ஒரு பெரிய சான்று உண்டு.

தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் தெலுங்குக் கவிஞர். அவர் காலம் 1408 முதல் 1503 வரை. வேங்கடவன் மீது சுமார் 32,000 பாடல்கள் பாடினார் என்று சொல்வார்கள். ஓலையில் எழுதியது எத்தனை காலம் இருக்கும்? கறையான் அரிக்கும். பூச்சி துளைக்கும். ஈரம் பட்டால் உளுத்துப்போகும். அதனால் பழைய ஓலையைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். எழுத ஆள் இல்லாவிட்டால் நூலும் போய்விடும்.

அன்னமாச்சாரியாரின் மகன் பெத்த திருமலாச்சாரியார் பாடல்களைச் செப்புத் தகடுகளில் வெட்டச் செய்தார். செம்பைக் கறையான் தின்னாது. அந்தத் தகடுகள் திருமலைக் கோயிலுக்குள் ஒரு சிறு அறையில் வைக்கப்பட்டன. சில நூறு ஆண்டுகள் அவற்றை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தகடுகள் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. அறிஞர்கள் படித்து அச்சிட்டார்கள். இன்று 12,000க்கும் மேற்பட்ட பாடல்கள் கிடைக்கின்றன.

ஒருவர் முன்யோசனையுடன் நகல் எடுத்து வைத்தார். அதனால்தான் இன்று நாம் கேட்கிறோம்.

3. கணக்கு எப்படி அழிகிறது?

கம்ப்யூட்டரைக் கறையான் அரிப்பதில்லை. ஆனால் கணக்கு அழிய வேறு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, பழுது. கம்ப்யூட்டரின் உள்ளே கணக்கைச் சேமிக்கும் பகுதி ஒன்று உண்டு. அது என்றைக்காவது ஒரு நாள் நின்றுவிடும். முன்கூட்டிச் சொல்லாது.

இரண்டாவது வழி, வெள்ளமும் தீயும். 2021 நவம்பரில் திருப்பதியில் பெருமழை கொட்டியது. தெருக்கள் ஆறாக ஓடின. வீடுகளுக்குள் நீர் புகுந்தது. தரைத்தளத்தில் இருந்த பொருள்கள் நனைந்தன. அப்படி ஒரு நாளில் கம்ப்யூட்டரும், அதே மேசையில் வைத்த நகலும் சேர்ந்தே போய்விடும்.

மூன்றாவது வழி, வைரஸ். இது நோய்க்கிருமி அல்ல. கெட்ட எண்ணத்தோடு எழுதிய ஒரு கம்ப்யூட்டர் நிரல். 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் பரவியது. அது கோப்புகளைப் பூட்டிவிட்டு, "பணம் கொடு, திறக்கிறேன்" என்று மிரட்டியது. ஆந்திரப் பிரதேசக் காவல் துறையின் கம்ப்யூட்டர்கள் சிலவற்றையும் அது தாக்கியது. சித்தூர் மாவட்டமும் தப்பவில்லை. காவல் துறைக்கே இந்த நிலை என்றால் வீட்டுக் கம்ப்யூட்டர் எம்மாத்திரம்!

நான்காவது வழி, நம் கை. தவறான ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஓர் ஆண்டுக் கணக்கு மறைந்துவிடும். இதுவும் அடிக்கடி நடக்கிறது.

4. அழித்து எழுதும் குறுந்தகடு

கம்ப்யூட்டர் கணக்குக்கு நகல் எடுக்க ஒரு வழி குறுந்தகடு. இதைச் சி.டி. என்கிறோம். 12 சென்டிமீட்டர் அகலம். ஒரு பக்கம் கண்ணாடி போல மின்னும். இதில் இரண்டு வகை உண்டு.

ஒரு வகையில் ஒரு முறைதான் எழுத முடியும். எழுதியதை அழிக்க முடியாது. இதன் பெயர் சி.டி.-ஆர். இது செப்பேடு போன்றது.

இன்னொரு வகையில் எழுதலாம், அழிக்கலாம், மறுபடி எழுதலாம். இதன் பெயர் சி.டி.-ஆர்.டபிள்யூ. இது சிலேட்டு போன்றது. 1997இல் கடைகளுக்கு வந்தது. ஒரே தகட்டில் சுமார் 1,000 முறை வரை அழித்து எழுதலாம் என்பது கணக்கு.

சிலேட்டில் பல்பத்தால் எழுதுகிறோம். குறுந்தகட்டில் எதைக் கொண்டு எழுதுகிறார்கள்? லேசர் என்னும் ஒளியைக் கொண்டு. தகட்டுக்குள் மெல்லிய உலோகக் கலவைப் படலம் ஒன்று இருக்கிறது. லேசர் அதில் மிகச் சிறிய புள்ளியைச் சுடுகிறது. அதிகமாகச் சுட்டு உடனே ஆறவிட்டால் அந்தப் புள்ளி மங்கிவிடும். இளஞ்சூடாகச் சுட்டால் மங்கிய புள்ளி மறுபடி பளபளக்கும். மங்கிய புள்ளியும் பளபளக்கும் புள்ளியும் சேர்ந்ததுதான் கம்ப்யூட்டர் எழுத்து. எல்லாவற்றையும் பளபளக்கச் செய்தால் சிலேட்டைத் துடைத்தது போல ஆகும்.

ஒரு சி.டி.யில் சுமார் 700 எம்.பி. பிடிக்கும். டி.வி.டி. என்னும் தகட்டில் 4.7 ஜி.பி. பிடிக்கும். எழுத்தும் எண்ணும் மட்டுமே உள்ள கணக்குக்குச் சி.டி.யே தாராளம்.

5. சிலேட்டில் ஓர் ஆபத்து

அழித்து எழுதலாம் என்பது வசதி. அதுவே ஆபத்தும் ஆகும். எப்படி என்று ஓர் உதாரணம் பார்ப்போம்.

விஜயபுரம் மண்டலத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு டுவாக்ரா குழு என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பெண்கள். ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு. குழுவுக்குள்ளேயே கடன் கொடுப்பார்கள், தவணையாகத் திருப்பிக் கட்டுவார்கள். தலைவியின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள்தான் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். மாதா மாதம் நகலும் எடுக்கிறாள். ஆனால் அவளிடம் இருப்பது ஒரே ஒரு தகடு. போன மாத நகலை அழித்துவிட்டு இந்த மாத நகலை எழுதுவாள்.

ஒரு நாள் அவசரத்தில் கடன் பக்கத்தின் பாதி அழிந்துவிட்டது. அவள் கவனிக்கவில்லை. அன்று மாலை வழக்கம்போலத் தகட்டைத் துடைத்து, புதிய நகல் எழுதினாள். நல்ல கணக்கு போனது. பாதிக் கணக்கு பதிந்தது. அடுத்த கூட்டத்தில் தகராறு வந்தது.

"ஏம்மா, நான் மாசியில் கட்டின 3,000 எங்கே?" என்றார் ஓர் உறுப்பினர்.

"அக்கா, இதில் 2,000தான் இருக்கிறது" என்றாள் பெண்.

"அப்படியென்றால் நான் பொய் சொல்கிறேனா?"

தகட்டைப் போட்டுப் பார்த்தார்கள். அதிலும் அதே பாதிக் கணக்குத்தான். யார் சொல்வது சரி என்று காட்ட ஒன்றும் இல்லை. ஆயிரம் ரூபாய் பெரிய தொகை அல்ல. ஆனால் குழு நிற்பது பணத்தின் மேல் அல்ல, நம்பிக்கையின் மேல். அதுதான் அன்றைக்கு ஆட்டம் கண்டது.

இதற்கு வழி என்ன? மூன்று தகடுகள் வாங்க வேண்டும். 1, 2, 3 என்று எண் போட வேண்டும்.

முதல் மாதம் 1ஆம் தகட்டில் நகல்.
இரண்டாம் மாதம் 2ஆம் தகட்டில் நகல்.
மூன்றாம் மாதம் 3ஆம் தகட்டில் நகல்.
நான்காம் மாதம் மறுபடி 1ஆம் தகடு. அதில் உள்ளதைத் துடைத்துவிட்டு எழுதலாம்.

இப்படிச் செய்தால் எப்போதும் மூன்று மாத நகல்கள் கையில் இருக்கும். இந்த மாதம் தவறு நடந்தாலும் போன மாத நகல் நல்லபடி இருக்கும். ஆண்டுக் கணக்கு மார்ச் 31ஆம் தேதி முடிகிறது. அன்றைய கணக்கைச் சரிபார்த்து, ஒரு முறை மட்டும் எழுதும் தகட்டில் ஏற்றி வைக்க வேண்டும். மாதத்துக்குச் சிலேட்டு, ஆண்டுக்குச் செப்பேடு!

6. எங்கே வைப்பது?

இலங்கையில் யாழ்ப்பாணம் பொது நூலகம் புகழ் பெற்றது. 1981இல் மே முடிந்து ஜூன் பிறந்த நேரத்தில் அதற்குத் தீ வைத்தார்கள். சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. ஓலைச்சுவடிகளும் எரிந்தன. அவற்றில் சிலவற்றுக்கு வேறு எங்கும் பிரதி இல்லை. எல்லாம் ஒரே கட்டடத்தில் இருந்ததால் எல்லாம் ஒன்றாகப் போயின.

நகல் இருந்தால் மட்டும் போதாது. அது வேறு இடத்தில் இருக்க வேண்டும். குழுவின் ஒரு தகடு தலைவி வீட்டில் இருக்கட்டும். மற்றொன்று வேறு தெருவில், வேறு உறுப்பினர் வீட்டில் இருக்கட்டும். ஒன்று நகரியிலோ புத்தூரிலோ உள்ள நம்பிக்கையான உறவினரிடம் இருந்தால் இன்னும் நல்லது. கணக்கில் பிறர் விவரம் இருப்பதால் கண்டவரிடம் கொடுக்கக் கூடாது.

தகட்டை வெயிலில் வைக்காதீர்கள். ஓரத்தைப் பிடித்து எடுங்கள். மின்னும் பக்கத்தைத் தொடாதீர்கள். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள். தகட்டுக்கென்று உள்ள மை பேனாவால் தேதி எழுதுங்கள். உறைக்குள் போட்டு நிமிர்த்தி வையுங்கள்.

7. திறந்து பார்க்க வேண்டும்

திருமலைச் செப்பேடுகள் நமக்கு இன்னொரு பாடமும் சொல்கின்றன. அவற்றில் பாட்டின் சொற்கள் இருக்கின்றன. ராகத்தின் பெயரும் இருக்கிறது. ஆனால் எப்படிப் பாடுவது என்ற சுரக் குறிப்பு இல்லை. தகடுகள் கிடங்கில் கிடந்த காலத்தில் பெரும்பாலான பாடல்களின் பழைய மெட்டு மறந்துபோனது. பின்னாளில் ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா போன்றவர்கள் புதிதாக மெட்டு அமைத்தார்கள். தகடு பிழைத்தது, மெட்டு பிழைக்கவில்லை.

குறுந்தகட்டுக்கும் இது பொருந்தும். தகடு பெட்டியில் பத்திரமாக இருக்கும். அதைப் படிக்கும் கருவி இல்லாமல் போகலாம். இன்று வரும் பல கம்ப்யூட்டர்களில் சி.டி. போடும் இடமே இல்லை. வெளியில் இணைக்கும் கருவியைத் தனியாக வாங்க வேண்டும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பழைய தகட்டில் உள்ளதைப் புதிய பொருளுக்கு மாற்ற வேண்டும். நம் முன்னோர் ஓலையிலிருந்து ஓலைக்கு மாற்றினார்கள் அல்லவா? அதே வேலைதான்.

சி.டி. கருவி இல்லாதவர்கள் பென் டிரைவில் நகல் எடுக்கலாம். கையடக்க ஹார்டு டிஸ்க்கும் உண்டு. பொருள் மாறினாலும் விதி மாறாது. ஒன்றுக்கு மேல் வேண்டும். வேறு இடத்தில் வேண்டும். வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிவிட வேண்டும். மாட்டியே வைத்தால் கம்ப்யூட்டரைத் தாக்கும் வைரஸ் நகலையும் தாக்கும்.

நகல் எடுத்த அன்றே அதை இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பாருங்கள். ஒரு பக்கத்தைப் படியுங்கள். கூட்டுத்தொகை சரியா என்று பாருங்கள். திறந்து பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காத பணம் போன்றது.

நினைவில் வையுங்கள்

• கம்ப்யூட்டரில் மட்டும் உள்ள கணக்குக்குப் பாதுகாப்பு இல்லை.
• ஒரே தகட்டை அழித்து அழித்து எழுதாதீர்கள். மூன்றை மாற்றி மாற்றி எழுதுங்கள்.
• ஆண்டுக் கணக்கை அழிக்க முடியாத தகட்டில் ஏற்றுங்கள்.
• நகலை வேறு வீட்டில் வையுங்கள்.
• திறந்து பார்த்துச் சரிபாருங்கள்.

சொற்பொருள்

நகல் – அசலைப் போன்ற இன்னொன்று
கோப்பு – கம்ப்யூட்டரில் சேமித்த ஏடு
செப்பேடு – எழுத்து வெட்டிய செப்புத் தகடு
படலம் – மெல்லிய தோல் போன்ற பூச்சு

விடை சொல்லுங்கள்

1. அன்னமாச்சாரியார் பாடல்களைச் செப்புத் தகட்டில் வெட்டச் செய்தவர் யார்?
2. எந்த வகைத் தகடு சிலேட்டு போன்றது? ஏன்?
3. மூன்று தகடுகளை மாற்றி எழுதினால், எட்டாவது மாதம் எந்தத் தகட்டில் எழுத வேண்டும்?
4. பத்துப் பேர் மாதம் 200 ரூபாய் சேமித்தால் ஐந்து ஆண்டுகளில் எவ்வளவு சேரும்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் குழுவின் கணக்கு எங்கே இருக்கிறது? அதற்கு நகல் உண்டா? அந்த நகல் யார் வீட்டில் இருக்கிறது? கடைசியாக அதைத் திறந்து பார்த்தது எப்போது? அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். விடையை நோட்டில் எழுதி வையுங்கள்.