பிரஷர் பார்க்கும்போது சட்டைக் கையைக் கவனியுங்கள்

முகாமில் கூட்டம் நெருக்கும்போது சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்துவிடுகிறார்கள். ஜுப்பாவோ, பர்தாவோ, மார்கழிக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரோ, எல்லாம் ஒரே கணக்குதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இப்போது வீட்டு வாசலிலேயே பிரஷர் பார்க்கிறார்கள். உக்கடம், கரும்புக்கடை பக்கம் வீட்டுக்கு வரும் சகோதரியிடம் கையை நீட்டும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

பட்டை உப்பி, மேல்கையில் ஓடும் ரத்தக் குழாயை அழுத்தி மூடுகிறது. காற்று இறங்கும்போது ரத்தம் மறுபடி ஓடத் தொடங்கும் இடமே மேல் எண். நடுவில் துணி இருந்தால் எண் 5 முதல் 50 வரை கூடலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் எச்சரிக்கிறது. மெல்லிய துணியால் பெரிய வித்தியாசமில்லை என்று கண்ட ஆய்வுகளும் உண்டு. ஆனால் எது மெல்லியது என்று ஆளுக்கு ஆள் யோசிப்பதைவிட வெறும் கையில் பார்ப்பது சுலபம். இறுக்கமான கையைத் தோள்வரை சுருட்டுவதும் கூடாது. அது கயிறுபோல் கையை இறுக்கிவிடும்.

140/90 என்பதே பொதுவான எல்லைக்கோடு. உண்மையில் 132 உள்ள நன்னிமாவுக்கு 150 என்று காட்டினால் மாத்திரை தொடங்கலாம். தேவையில்லாத மாத்திரையால் விடியற்காலையில் எழும்போது தலைசுற்றி விழுந்தால் என்ன ஆவது? இதற்கு மறுபக்கமும் உண்டு. “பர்தா மேல பார்த்தாங்க, அதான் கூடுதலாக் காட்டுச்சு” என்று உண்மையான பிரஷரைத் தட்டிக் கழிக்கிறவர்களைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம். வெறும் கையில் மறுபடி பார்க்காமல் இரண்டில் எது என்று சொல்ல முடியாது.

பெண்கள் இதற்காகச் சங்கடப்பட வேண்டியதில்லை. பர்தாவுக்குள் தளர்வான அரைக்கை உடுப்பு அணிந்து வந்தால், திரைக்குப் பின்னால் ஒரு கையை மட்டும் வெளியே எடுத்தால் போதும். “பெண் நர்ஸ் பார்க்கட்டும்” என்று தயங்காமல் கேளுங்கள். முகாம் நடத்தும் சகோதரர்கள் மருந்துப் பெட்டியோடு ஒரு திரைச்சீலையையும் எடுத்து வையுங்கள். பழைய வேட்டி ஒன்று போதும்.

சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். கால் தரையில், கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். பட்டை உப்பும்போது பேசாதீர்கள். பருத்த கைக்குப் பெரிய பட்டை கேளுங்கள்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தக் கூடாது. சில நாள் வெறும் கையில் பார்த்த எண்களைத் தேதியோடு எழுதிக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.