கடை வண்டியின் பேரிங் பழுதை அறிவது எப்படி?

நம் உத்திரமேரூர் சுற்றுக் கிராமங்களில் சரக்கு சுமக்கும் பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். சூப்பர், டூ-ஸ்ட்ரோக் வண்டி. 2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 வண்டிக்கு என்ஜின் ஆயில் தனியாக உண்டு. பழைய வண்டியின் கிராங்க் பேரிங்குக்கோ, பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில்தான் உயிர்.

சிக்கனம் என்று எண்ணி அந்த ஆயிலை நாம் குறைத்தோம். உறுமல் கேட்டும் ஓட்டினோம். அரிசி மூட்டையோடு நடுவழியில் என்ஜின் இறுகி நின்றது. மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு செலவானது. அன்று கற்றது இது:

1. என்ஜினை நிறுத்தி வண்டியைத் தள்ளுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் சக்கரத்தையும் செயினையும் பாருங்கள். என்ஜின் ஓடும்போது மட்டும் உறுமினால் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

2. என்ஜினை நிறுத்தி, மேக்னெட் மூடியைக் கழற்றி, மேக்னெட்டை மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது.

3. பேரிங் ஆடினால் ஆயில் சீலும் கெடும். அதன் வழியே காற்று புகுந்து, என்ஜின் சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே பேரிங்கையும் சீலையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஆயிலைக் கையேட்டின்படி அளந்து ஊற்றுங்கள். 2 சதவீதம் என்றால் லிட்டருக்கு 20 மில்லி. தராசு முள்ளைக் கவனிக்கும் நாம், வண்டியின் சத்தத்தையும் கவனிப்போம்.