ஒரே தொகுதி, இரண்டு நியாயம்

கேள்வி: திருத்தணி நகரத்துக்குக் கவுன்சிலர் இருக்கிறார். பக்கத்துக் கிராமமான எங்களுக்கு 2025-இல் ஊராட்சித் தலைவர்கூட இல்லாமல் போனாரே, ஏன்?
– ஒரு வாசகர், திருத்தணி வட்டம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. திருவள்ளூர் மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. நகராட்சிகளுக்கோ 2022 பிப்ரவரியில்தான். ஐந்தாண்டு முடிந்து, 2025 ஜனவரி 5-இல் கிராமப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் தீர்ந்தது. தேர்தலுக்குப் பதில் தனி அலுவலர்கள் வந்தார்கள். நகரத்தில் தெருவிளக்கு எரியாவிட்டால் கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டலாம். கிராமத்தில் மனு எழுதிக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்கு பஸ் ஏற வேண்டும். உரிய காலத்தில் தேர்தல் நடத்தச் சொல்கிறது அரசியல் சட்டத்தின் 243-ஈ பிரிவு. அதை மீறியது பெரும் தவறு.

எந்த மாநிலத்தில் இருப்பது என்பதற்கே போராடிய மண் உங்களுடையது. ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி ஆந்திரத்திலிருந்து நம்மிடம் வந்தது. அந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் தெருவை ஆள ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மறுக்கப்படலாமா?

தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. தவறாமல் போங்கள், உங்கள் கோரிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.