தரைக்கு அடியில்

என் தந்தை கொத்தனார். அவரே கட்டிய எங்கள் புது வீட்டில் முதல் மழையிலேயே ஓதம் ஏறி, பாயில் பூஞ்சணம் பூத்தது. இங்கு நுண்புழை ஏற்றம் படித்தபின்தான் காரணம் புரிந்தது.

ஈரமாவது கண்ணுக்குத் தெரியும், ரேடான் தெரியாது. மண்ணிலுள்ள யுரேனியம் சிதைந்து பிறக்கும் இவ்வாயு, தரை விரிசல்வழி வீட்டினுள் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம். 1984இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அணுமின் நிலைய ஊழியர் ஒருவர் பணிக்கு நுழையும்போதே கதிர்வீச்சு மணி ஒலித்தது. ஆராய்ந்தால், கோளாறு அவர் வீட்டில்!

இரண்டுக்கும் தடுப்பு ஏறக்குறைய ஒன்றே. கான்கிரீட்டுக்கு அடியில் 4 அங்குல ஜல்லி. அதன்மேல் பாலித்தீன் விரிப்பு. ஜல்லியின் அகன்ற இடைவெளிகளில் நீர் மேலேறாது. ரேடானுக்கு, ஜல்லியிலிருந்து கூரைக்கு மேல்வரை ஒரு குழாயும் வேண்டும்.

தந்தையிடம் சொன்னேன். "தரை போடுமுன் சொல்லக் கூடாதாடா?" என்றார். அடுத்த வேலைக்கு விரிப்பு வாங்கிவிட்டார்.