ஓவியருக்குத் தனிப்பாணி: கூடிப் பார்க்கும் முறை

ஓவியத்தில் தனிப்பாணி என்பது ஒருவர் திரும்பத் திரும்ப எடுக்கும் முடிவுகளின் தொகுப்பு: கோட்டின் கனம், விரும்பும் நிறம், விட்டுவிடும் விவரம். வரைபவர் கண்ணுக்கு இது எளிதில் படாது. பிறர் சொல்லித்தான் தெரியவரும். சேர்ந்திருந்தால் பாணி கலந்துவிடும் என்பதில்லை. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் ஓவியர்கள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தார்கள். அப்படியும் ஒருவர் படம் இன்னொருவர் படத்தின் நகலாகிவிடவில்லை.

ஒருவர் படத்தை இன்னொருவர் பார்த்துச் சொல்ல, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வரைபவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தாலே போதும். எல்லோரும் ஒரே பொருளை வரைவது நல்லது: குண்டாற்று மணல், கரிசல் வெடிப்பு, சீமைக்கருவேலம், கைத்தறி. அப்போதுதான் வேறுபாடு பளிச்சென்று தெரியும். வெடித்த கரிசலை ஒருவர் கோடுகளாகவே பார்ப்பார்; இன்னொருவர் கோட்டை விட்டுவிட்டு, கருப்புக்குள் இருக்கும் பழுப்பைத் தேடுவார். படங்களைக் கண் மட்டத்தில் மாட்டி, பெயரை மறைத்து, பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். வரைந்தவர் முதலில் வாய் திறக்கக்கூடாது. ‘நன்றாக இருக்கிறது’ என்பதால் பயனில்லை. ‘கண் முதலில் இந்த மூலைக்குப் போகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது’ என்பதே உதவும். (பாராட்டு மட்டும் பரிமாறும் கூட்டத்துக்குப் போவதைவிட வீட்டில் உட்கார்ந்து வரைவது மேல்.)

கருத்துகளைத் தேதியிட்டுக் குறித்துக்கொள்ளலாம். ஒரே குறை பலமுறை வந்தால், திருத்துவதற்கு முன் அது கைத்தவறா விருப்பமா என்று பார்க்க வேண்டும். விருப்பம் என்றால் அடுத்த படத்தில் அதையே இன்னும் துணிந்து செய்யலாம். மூத்தவர் சொன்னார் என்பதற்காக மட்டும் நிறத்தை மாற்ற வேண்டியதில்லை.