கல்தூசியும் நாம் கற்கும் அறிவியலும்

பங்காருப்பேட்டையிலிருந்து தங்கவயலுக்குப் பிரியும் இருப்புப்பாதை மாரிகுப்பம் நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குப் புறப்படும் வண்டியில் வேலைக்கும் படிப்புக்கும் செல்வோர் நிறைந்திருப்பர். அவர்களுள் ஒருவனாக ஆண்டுக்கணக்கில் சென்று வந்தவன் நான். உயிர்மருத்துவ அறிவியல் பயில்கிறேன் என்றதும், உடன்வரும் பெரியவர்கள் "டாக்டருக்கா படிக்கிறே தம்பி?" என்பர். இல்லை என்றால், "அப்ப என்ன வேலை கிடைக்கும்?" என்பர். முதற் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவது கேள்வியே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. அதற்கு விடை தேட வேண்டுமாயின் எங்கள் ஊரிலிருந்தே தொடங்க வேண்டும்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கினர். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர் கூட்டங் கூட்டமாக வந்து குடியேறினர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்படும்வரை, ஏறத்தாழ 800 டன் பொன் வெளிவந்தது. பொன் தனியே கிடைப்பதில்லை. வெண்கல் பாறையோடு கலந்து கிடக்கிறது. அவ்வெண்கல் முழுதும் சிலிக்கா. துளையிட்டு வெடி வைக்குந்தோறும் சிலிக்காத் தூசி பறந்தது.

1965-இல் எங்கள் சுரங்கத்தின் ஆழத்தில் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தை இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்கள் கண்டனர். இயற்பியல் மாணவர்கள் அதனைப் பெருமையோடு கூறுவர், நானும் கூறுவேன். ஆனால் அதற்கும் முன்னரே அங்கு நடந்த மற்றோர் ஆய்வைச் சொல்வார் அரியர். 1940 முதல் 1946 வரை தங்கவயல் தொழிலாளர் 7,653 பேரைச் சோதித்ததில் 3,402 பேருக்கு சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் காணப்பட்டது. நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல்! நியூட்ரினோ நம் உடலை ஊடுருவிச் சென்றுவிடுகிறது, ஒரு தீங்கும் செய்வதில்லை. கல்தூசியோ உள்ளே சென்றால் வெளிவருவதில்லை.

அது செய்யும் வேலையைச் சிறிது விளக்குகிறேன். மூக்கிலும் தொண்டையிலும் பெரிய துகள்கள் தங்கிவிடும். ஐந்து மைக்ரானுக்கும் சிறிய துகள்களே காற்றறைகளை எட்டும். அங்கே காவல் காக்கும் மாக்ரோபேஜ் செல்கள் கிருமியை விழுங்குவதுபோல் அத்துகளையும் விழுங்குகின்றன. கிருமி செரிக்கும், கல் செரிக்குமோ? செல் சிதைந்து இறக்கிறது. அழற்சிப் பொருள்கள் வெளிப்படுகின்றன. தூசி விடுபட்டு அடுத்த செல்லுக்குள் புகுகிறது. இச்சுழற்சி ஆண்டுக்கணக்கில் நடக்க, நாரிழைகள் சுற்றிச் சுற்றிப் படிந்து முடிச்சுகள் ஆகின்றன. வேலையை விட்ட பின்னும் நோய் வளரும். முற்றிலும் நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. போதாக்குறைக்கு, காசநோய் இத்தகைய நுரையீரலில் மிக எளிதாகப் பற்றிக்கொள்கிறது. இரண்டும் எக்ஸ்ரே படத்தில் மேற்பகுதியிலேயே பெரும்பாலும் தோன்றுவதால், ஒன்றை மற்றொன்றென எண்ணிவிடுவது நம் நாட்டில் அடிக்கடி நிகழ்கிறது.

என் பாட்டனாரின் படம் ஒன்று எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்கிறது. ஒரு மருத்துவமனையில் காசநோய் எனச் சொல்லி மருந்து கொடுத்தார்களாம். அப்படத்தை இப்பொழுது வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். நான் மருத்துவன் அல்லேன். நோய் இன்னதெனக் கூற எனக்கு உரிமையில்லை. ஆனால் உடன் வைத்த சீட்டில் ‘தொழில்’ என்ற இடம் வெற்றாக இருப்பதை எவரும் படிக்கலாம். இத்தகைய படங்களைப் படிப்பதற்கென்றே உலகத் தொழிலாளர் நிறுவனம் மாதிரிப் படங்களும் வகைப்பாடும் வகுத்துத் தந்திருக்கிறது. செல்லின் உள்ளுறுப்புகள் அனைத்தையும் ஒப்பிக்கக் கற்ற என் வகுப்பில் அதனைப் பற்றி ஒரு மணி நேரமும் பாடம் நடந்ததில்லை.

சுரங்கத் தொழிலாளர் உடல்நலத்துக்கென ஒரு தேசிய ஆய்வுக்கழகம் 1990-இல் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது என்பது உங்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்? சுரங்கம் மூடிய பின் அது நாகபுரிக்குப் பெயர்ந்தது. 2019-இல் அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் உடல்நலக் கழகத்தோடு இணைக்க மத்திய அமைச்சரவை இசைந்தது. சுரங்கம் இல்லாத ஊரில் சுரங்கக் கழகம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமே. ஆனால் தூசியை உள்ளே சுமந்த மனிதர்கள் நாகபுரிக்குப் போகவில்லையே! ஏழை நாட்டில் ஆய்வு வேலை தொழிலைப் பின்தொடர்கிறது, நோயாளியைப் பின்தொடர்வதில்லை. என் கருத்தில், நம் துறையின் வேலைக்குறைவுக்கு இது பெரிய காரணம்.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு நிலையத்தை எண்ணிப் பாருங்கள். சேரிக் குடிசையில் இருந்தபடி மருந்துண்ட நோயாளரும், நலவிடுதியில் நல்லுணவோடு படுத்திருந்தவரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர் என்று 1959-இல் அந்நிலையத்தார் காட்டினர். அதன்பின் உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கே மாறிற்று. செல்வ நாட்டு ஆய்வகம் எதுவும் அதனைச் செய்திருக்க முடியாது; நோயாளியும் குடிசையும் இங்கே அல்லவா இருந்தன!

இனிப் பணத்தைப் பேசுவோம். நெட் தேர்வில் ஆய்வுதவித் தகுதி பெற்றால், 2023 சனவரியில் உயர்த்தியபடி முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய், பின்னர் 42,000 ரூபாய். அதுவரை நன்று. முனைவர் பட்டத்துக்குப் பின்தான் இடர். நிரந்தரப் பணிகள் சில. திட்டம் முடிந்ததும் முடியும் பணிகள் பல. பெங்களூரின் மருந்தாய்வுக் கம்பெனிகள் பலருக்கு இடம் தருகின்றன. வெளிநாடு செல்வோரும் உண்டு. அவர்களைக் குறை கூறேன். வீட்டுக் கடன் எனக்கும் உண்டு. ஆயினும் தொழில்சார் நோயியல் என்னும் பிரிவை நம்மில் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. அகமதாபாத் கழகத்தின் தென்மண்டல நிலையம் பெங்களூர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. அக்கழகத்தார் குருதியில் சி.சி.16 என்னும் புரதம் குறைவதை அளந்து, சிலிக்கோசிஸை முன்னரே ஐயுற உதவும் சோதனை ஒன்றை உருவாக்கியுள்ளனர். அது மருத்துவர் மட்டும் செய்யும் வேலையன்று. புரத வேதியியல் அறிந்த நம் போன்றோர் செய்யும் வேலை.

எங்கள் ஊருக்கு மீண்டும் ஒரு செய்தி வந்துள்ளது. சுரங்கக் கழிவுமண் குவிந்த 13 மேடுகளை ஏலம் விட்டு, எஞ்சிய பொன்னைப் பிரிக்க 2024 சூனில் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. 1,003 ஏக்கர், ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சம் டன் மண். அரைத்துப் பொடியாக்கிய அதே வெண்கல்தான். வேலை கிடைக்கும் என்று ஊரார் மகிழ்கின்றனர், நானும் மகிழ்கிறேன். ஆனால் மேட்டைக் கலைப்பதற்கு முன் காற்றில் எவ்வளவு சிலிக்கா இருந்தது என்று அளந்து வைக்காவிடில், பின்னால் எவரும் எதையும் மெய்ப்பிக்க இயலாது. அந்த முதற் கணக்கை எடுப்பதையே ஆய்வுப் பொருளாக வைத்து விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். தூசி அளக்கும் கருவியை இரவல் தரக்கூடிய துறை எதுவென அறிந்த நண்பர்கள், மாலையில் சங்க அறையில் என்னைக் காணலாம்.