606 முறை! ஒரு கார் விளம்பரத்தின் கதை



"டேய், இது கிராஃபிக்ஸ்டா! இல்லேன்னா டயர் எப்படித் தானா மேட்டுல ஏறும்?" என்று என் பெஞ்ச் நண்பன் அடித்துச் சொன்னான். "சத்தியமா இல்லை" என்றேன் நான். ஒரு கடலை மிட்டாய் பாக்கெட் பந்தயம். அதற்காகத் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

விளம்பரம் எது?

2003 ஏப்ரல் 6 அன்று, பிரேசில் கார் பந்தய ஒளிபரப்பின் இடைவேளையில், பிரிட்டன் தொலைக்காட்சியில் ஹோண்டா அக்கார்டு காரின் விளம்பரம் ஒன்று வந்தது. அதன் பெயர் 'காக்'. நீளம் 120 விநாடி. லண்டனின் வீடன் பிளஸ் கென்னடி விளம்பர நிறுவனத்துக்காகப் பிரெஞ்சு இயக்குநர் ஆந்துவான் பார்தூ-ஜாக்கே பாரிஸில் எடுத்தார்.

ஒரு காரைக் கழற்றிப் பாகங்களைத் தரையில் வரிசையாக வைத்திருப்பார்கள். ஒரு சின்னப் பாகம் உருண்டு அடுத்ததைத் தட்டும். அது இன்னொன்றைத் தட்டும். வைப்பர்கள் பூச்சி மாதிரி ஊர்ந்து போகும். டயர்கள் சரிவில் மேலே ஏறும். கடைசியில் முழுக் கார் ஒன்று நகர்ந்து வந்து நிற்கும்.

டயர் ஏறியது எப்படி?

டயருக்குள் ஒரு பக்கமாக போல்ட், ஸ்க்ரூ போன்ற கனமான பொருள்களை வைத்தார்கள். அந்தப் பக்கம் மேலே இருக்கும்போது லேசாகத் தட்டினால் போதும். கனம் கீழே இறங்கப் பார்க்கும், சக்கரம் உருண்டு மேலே போகும். பார்வைக்கு டயர் ஏறுகிறது; உண்மையில் அதன் ஈர்ப்பு மையம் இறங்குகிறது! நம் மாமல்லபுரம் வெண்ணெய் உருண்டைப் பாறை சரிவில் உருளாமல் நிற்பதிலும் ஈர்ப்பு மையத்துக்குப் பங்கு உண்டு. பாறையின் ஈர்ப்பு மையம் அதன் அடிப்பாகத்துக்கு நேர் மேலே இருக்கிறது. வழுக்கி விடாமல் உராய்வு பிடித்துக் கொள்கிறது.

ஏன் அத்தனை முறை?

606 முறை எடுத்ததாகச் சொல்கிறார்கள். முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்புறம் கணக்குப் போட்டேன். 50 தட்டுகள் என்று வைத்துக் கொள்வோம். ஒவ்வொரு தட்டும் 10-க்கு 9 முறை சரியாக நடந்தாலும், 0.9-ஐ 50 தடவை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.005. அதாவது 200 முறை முயன்றால் ஒரு முறைதான் கடைசி வரை போகும்! இதில் அறையின் வெப்பம், ஈரப்பதம், படியும் தூசி எல்லாம் பாகங்கள் உருளும் விதத்தை மாற்றிக் கொண்டே இருந்தன. ஒன்று நின்றால் எல்லாவற்றையும் மறுபடி அடுக்க வேண்டும்.

யார் ஜெயித்தது?

நான்தான் என்று துள்ளினேன். ஆனால் இன்னும் படித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஸ்டுடியோவில் இடம் போதாததால் விளம்பரத்தை இரண்டு துண்டாக எடுத்து, புகைபோக்கிக் குழாய் உருளும் இடத்தில் கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் மிட்டாய் முழுதும் எனக்கு. இரண்டு நாள் யோசித்துவிட்டு நண்பனிடம் சொல்லிவிட்டேன். "பாத்தியா!" என்று சிரித்தவன், "ஆனா டயர் நிஜம்தானே?" என்று அவனே பாக்கெட்டைப் பிரித்துப் பாதி கொடுத்தான்.

நீங்களும் செய்யலாம்

ஒரு காலி வட்ட டப்பாவின் உள்ளே ஒரு பக்கம் களிமண்ணை அழுத்தி ஒட்டுங்கள். ஒரு பலகையின் ஒரு முனைக்கடியில் இரண்டு நோட்டு வையுங்கள். டப்பாவைப் படுக்க வைத்து, களிமண் உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் மேட்டுப் பக்கம் இருக்கும்படி பிடித்து விடுங்கள். டப்பா மேலே ஏறும்! எனக்கு ஏழாவது முறைதான் ஏறியது. முதல் தடவையே வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். அவர்கள் 606 வரை போனார்களே!